எது மேல

நட்டு மூன்றாவது தடவையும் விரல் நழுவி, அலுமினியத்தில் டிங்கென்று தட்டி, இருட்டுக்குள் எங்கேயோ உருண்டு போனது. "விழுந்துருச்சா?" என்று வெளியே இருந்து கேட்டான் அண்ணன் நவநீதன். விழுந்த சத்தம் பல்லடம் வரைக்கும் கேட்டிருக்கும், இதில் கேள்வி வேறு. "விழுந்துருச்சு," என்றாள் சுபிக்‌ஷா. அவள் விமானத்தின் வால் கூட்டுக்குள் குப்புறக் கிடந்தாள். கால்கள் இருக்கைகளின் முதுகுப் பக்கம், தலை வாலின் நுனிப் பக்கம், நடுவில் இடுப்பு ஒரு வளையச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு. ஆள் நுழைவதற்காகச் செய்த இடமே இல்லை. ஒல்லியாகப் பிறந்ததால் தலையில் விழுந்த வேலை. அண்ணன் நுழைந்தால் தொப்பை முதல் சட்டத்திலேயே நின்றுவிடும், அப்புறம் விமானத்தை வெட்டித்தான் ஆளை எடுக்கணும். "வேற நட்டு இருக்குதா கையில?" "இருக்குது." "அப்பப் போடு. நல்லாப் புடி அம்மிணி, உருளுது பாரு." உருளவில்லை. அவன் வெளியிலிருந்து ஸ்க்ரூவைக் கோணலாக விடுகிறான், அதனால்தான் நட்டு கடிக்கவே இல்லை. கோணலா விடறனா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஒரு கை ஸ்பேனரில், இன்னொரு கை உடம்புக்கு அடியில் மாட்டி மரத்துப் போய் அடுத்தவள் கை மாதிரிக் கிடந்தது. நாலாவது நட்டைப் போட்டாள். அவன் தற்செயலாக நேராக விட்டான் போல, கடித்துக்கொண்டது. "பார்த்தியா, நல்லாப் புடிச்சா உக்காருது," என்றான். அவள் பல்லைக் கடித்ததில் காதுக்குள் நறநறவென்று கேட்டது.

கொட்டகைக்குக் கோழி நாற்றம் இன்னும் போகவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் ஐயாயிரம் கோழி இருந்த இடம். சுண்ணாம்பு அடித்தும் ஆசிட் ஊற்றிக் கழுவியும் வெயில் ஏறினால் எழுந்து வந்துவிடும். விமானம் கட்டறாங்களாமே என்று பார்க்க வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள், அப்புறம்தான் வாயைப் பிளப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த சாரும் அப்படித்தான். அண்ணன் விமானப் பொறியியல் படித்த காலேஜ் சார், கூட நாலு பையன்கள். சார் இறக்கையைத் தடவிப் பார்த்து, "ரிவெட் வரிசை நூல் புடிச்ச மாதிரி இருக்குதே நவநீதா, யாரு அடிச்சது?" என்றார். "நானேதானுங் சார்." சொல்லும்போது ஒரு கூச்சம், ஒரு எச்சில் முழுங்கல், ஒன்றும் இல்லை. ரெண்டு இறக்கைக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ரிவெட் ஆணி. அண்ணன் அடித்தது முதல் நாற்பது, அதிலும் பதினொன்றைத் துளை போட்டுப் பிடுங்கி அவள் மறுபடி அடித்தாள். "நாந்தானுங் சார் அடிச்சேன்," என்றாள். சார் சிரித்தார். "அப்படியா பாப்பா? எந்தக் காலேஜ்?" அவள் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணன் முந்திக்கொண்டான். "அவ ப்ளஸ் டூவைப் பாதியில விட்டுட்டாளுங் சார். சும்மா கூடமாட இருப்பா." பையன்கள் நாலு பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொட்டகையில் மிச்சமாகிப் போன ஒரு கோழியைப் பார்க்கிற மாதிரி. அவர்கள் கார் கிளம்பினதும் அண்ணன் திரும்பினான். "உன்னையக் கேட்டாங்களா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகு." சரி. பழகிக்கொண்டாள். நாலு நாளாகக் கேட்டதுக்கு மட்டும் பதில். சாப்டியா என்றால் சாப்பிட்டேன். என்ன சாப்ட என்று தனியாகக் கேட்டால்தான் உப்புமா. அது கோபம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. புள்ள திருந்திருச்சு என்று போனில் அம்மாவிடம் சொல்கிறான்.

படிப்பு ஏறவில்லை என்று ஊரே சொல்கிறது. ஏறாமல் என்ன, உட்காரத்தான் முடியவில்லை. பிசிக்ஸ் மிஸ் அரைப் பரீட்சைப் பேப்பரை வகுப்பில் வாசித்துக் காட்டியது ஞாபகம் வந்தது, ஏன் இப்போது வருகிறது, வால் கூட்டுக்குள் கிடக்கும்போது எதுவும் வரும், ஓட முடியாது என்று அதுகளுக்குத் தெரியும். நெம்புகோல் பற்றி எழுதச் சொன்ன கேள்வி. நோட்ஸில் இருந்தது ஆறு வரி. அவள் எழுதியது ஒரே வரி: சின்னது தள்ளினால் பெரிசு அசையும், ஆனால் எதிர்ப்பக்கமாக. மிஸ் அதை ராகம் போட்டு வாசித்தார். "எதிர்ப்பக்கமாஆக. மகாராணி கண்டுபுடிச்சிருக்காங்க." வகுப்பே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கூட. முட்டை மார்க். தப்பாக எழுதியிருந்தால் முட்டை போடட்டும், தப்பு இல்லையே, சீசா பலகையில் உட்கார்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியுமே. அடுத்த நாள் காலையில் யூனிஃபார்ம் போட்டு, தலை வாரி, பை மாட்டி, பஸ் ஏறாமல் நேராக இந்தக் கொட்டகைக்கு வந்தாள். அண்ணன் அப்போது ஒரு ரிவெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். குடுங்க என்று வாங்கி அடித்தாள். நேராக இறங்கியது. அவ்வளவுதான் கதை. இதற்கு அழுகை, அறிவுரை, பெரியப்பா பஞ்சாயத்து எல்லாம் ஒரு மாசம் நடந்தது.

விமானம் தானாக நேராகப் பறக்க வால் பலகையில் சின்னத் தகடு வைக்கிற இந்த ட்ரிம் வேலைக்கே வந்திருக்க வேண்டியதில்லை, முதலிலேயே போட்டிருந்தால். வரைபடத்தில் இருந்தது. தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் தனியாகவே இருந்தது. அண்ணன்தான், "அதெல்லாம் சோம்பேறிப் பைலட்டுக்கு. ஓட்டறவன் கையில இருக்கோணும்," என்று பக்கத்தைத் திருப்பினான். இருந்ததே கையில். நாலாவது தடவை பறந்துவிட்டு இறங்கினபோது பார்த்தாளே. விமானம் மூக்கு கனம். விட்டால் தலையைக் குனிந்துகொண்டு கீழே போகப் பார்க்கும், ஓட்டுகிறவன் தடியை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கணும். இருபது நிமிஷம் இழுத்துப் பிடித்திருக்கிறான். இறங்க வரும்போது மூக்கு ஒரு தடவை முங்கி எழுந்தது. ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அந்த ஒரு முங்கலில் அதன் பின்னையே பிடுங்கிவிட்டாள். சக்கரம் தட்டி, துள்ளி, தட்டி, நின்றது. அண்ணன் இறங்கினான், சிரித்தான், டீ வாங்கினான். டம்ளர் ஆடியது. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டான். மாற்றியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். அவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, ஒரு தெர்மோகோல் விமானம் செய்து, வாலில் மேலும் கீழும் ஆடுகிற ஒரு பலகை வைத்து, அதன் நுனியில் சின்னதாக ஒரு அட்டையை ஒட்டி, மடித்து, அவன் கண் முன்னால் விட்டாள். மடிக்காமல் விட்டால் குப்புற விழுந்தது. மடித்து விட்டால் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. "ஒரு சின்னத் தகடு வெச்சாப் போதும்ணா." ரெண்டு நாள் யோசித்துவிட்டு, "நான் ஒரு ஐடியா பண்ணியிருக்கேன்," என்று வந்தான். நான். ஐடியா. அதையும் விட்டுவிட்டாள். தகட்டை அசைக்கிற மோட்டாரின் ஸ்விட்சில் மேல, கீழ என்று எழுதப் போகிறேன் என்றபோது மட்டும், மூக்குன்னு எழுதுங்கண்ணா என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "மூக்கா? அப்ப பக்கத்துல காது, தொண்டைன்னும் எழுதிருவோம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்." மேல, கீழ என்று பல்லடத்தில் கொடுத்து ஸ்டிக்கர் அடித்து வந்துவிட்டான். ஏன் மூக்கு என்று கேட்கவில்லை. அவளுக்கே அன்றைக்குச் சரியாகச் சொல்ல வந்திருக்குமோ என்னவோ. என்னவோ ஒரு இடறல், அவ்வளவுதான்.

ஸ்க்ரூ நாலும் முடிந்தது. அண்ணன் சுற்றிப் போய் முன்னால் ஏறி உட்கார்ந்தான். விமானம் சக்கரத்தின் மேல் ஒருமுறை நசுங்கி நிமிர்ந்தது, அவள் விலாவில் சட்டம் குத்தியது. "ஸ்விட்ச் அழுத்தறேன். ஓட்டையில தெரியுதா?" வாலின் பக்கவாட்டில், வேலை பார்ப்பதற்காக விட்ட ஒரு ஓட்டை, உள்ளங்கை அகலம். அதற்கு வெளியே எலிவேட்டர் என்கிற பெரிய பலகை, அதன் பின்விளிம்பில் புதிதாக வைத்த தகடு, ஒரு ஜாண் நீளம், நாலு விரல் அகலம். "தெரியுது." மோட்டார் கொசு மாதிரி முனகியது. "மேல போகுதா?" தகடு சோம்பலாக மேலே எழும்பியது. "போகுது." "இப்பக் கீழ?" மறுபடி முனகல். இறங்கியது. "போகுது." "அவ்வளவுதான், முடிஞ்சுது வேலை," என்றான், ஸ்டிக்கரைக் கிழிக்கிற சத்தம், கட்டை விரலால் தேய்த்து ஒட்டுகிற சத்தம். அப்போது அவன் போன் அடித்தது. "நீ அங்கயே இரு அம்மிணி, நட்டு கழலாம இருக்கக் கம்பி சுத்தோணும், பேசீட்டு வந்து தர்றேன்." கம்பி அவன் பாக்கெட்டில். இறங்கிப் போய்விட்டான். அங்கயே இரு. சோளக்கொல்லை பொம்மையிடம் கூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"சொல்லுங் சார். ஆமாங், ட்ரிம் போட்டாச்சுங்," என்று காலேஜ் சாரிடம் அவன் பேசுவது தகரத்தில் பட்டுப் பட்டுக் கேட்டது. "ஆமாங், நானே டிசைன் பண்ணுனது." வாசல் பக்கம் வேறு ஒரு குரல், மாராத்தாக்கா. மூடிப்போன மில்லின் முதலாளி ஒரு காலத்தில் தன் சொந்த விமானத்துக்குப் போட்ட ஓடுபாதை இது. இப்போது வெயில் அடித்தால் மாராத்தாக்காவும் இன்னும் ரெண்டு பேரும் அதில் மக்காச்சோளம் காயப் போடுவார்கள். "தம்பி, இன்னைக்கு ஓட்டறீங்ளா? சோளத்தை அள்ளோணுமா?" "அள்ளீருங்க்கா. முழுசா அள்ளீருங்க." அப்புறம் போனுக்கு, "சோளத்தை அள்ளுனதும் எடுக்கறனுங் சார், காத்தே இல்ல இன்னைக்கு." இன்றைக்கேவா. நாளைக்குக் காலையில் என்றுதானே சொன்னான். மரப்பலகையால் சோளத்தைச் சுரண்டிக் குவிக்கிற சத்தம் ஆரம்பித்தது, சர்ர், சர்ர், தூரத்து முனையிலிருந்து. ஓட்டைக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு பொட்டுக் காற்று வந்து தகட்டைத் தொட்டது, தகடு லேசாக நடுங்கியது, சின்னது தள்ளினால் பெரிசு அசையும், மகாராணி கண்டுபுடிச்சிருக்காங்க, அந்த மிஸ் இதைப் பார்க்கணும், வந்து இந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்கணும், இந்தத் தகடுதான் சின்னது, அந்தப் பலகைதான் பெரிசு, காற்று தகட்டைத் தள்ளும், தகடு பலகையைத் தள்ளும், ஆனால் எதிர்ப்பக்கமாக, எதிர்ப்பக்கமாஆக என்று மிஸ் இழுத்த இழுப்பு காதுக்குள் போய் நின்றது, அங்கேயே நின்றது, நகரவில்லை. எதிர்ப்பக்கம். தகடு மேலே போனது. மேல போகுதா என்றான், போகுது என்றாள். தகடு மேலே போனால் காற்று அதைக் கீழே அமுக்கும். பலகையும் கீழே போகும். பலகை கீழே போனால் வால் தூக்கும். வால் தூக்கினால் மூக்கு. மூக்கு.

இன்னொரு தடவை முதலிலிருந்து போய்ப் பார்த்தாள். தெர்மோகோலில் அட்டையை எந்தப் பக்கம் மடித்தாள்? கீழே. கீழே மடித்ததால்தான் மூக்கு எழும்பியது. அப்படியென்றால் அவன் மூக்கைத் தூக்கணும் என்று நினைத்து மேல என்று ஒட்டியிருக்கிற பக்கத்தை அழுத்தினால் மூக்கு இன்னும் கவிழும். கவிழ்ந்தால் பத்தவில்லை என்று இன்னும் அழுத்துவான். அவனைத் தெரியாதா, டிவி ரிமோட்டையே அப்படித்தான் அழுத்துவான், வேலை செய்யவில்லை என்றால் இன்னும் பலமாக. கிளம்பின உடனே, தென்னந்தோப்புக்கு மேலே, முன்னூறு அடியில். கண்ணுக்குள் அந்த முங்கல் மறுபடி வந்தது, இந்தத் தடவை முங்கி எழுந்திரிக்காத முங்கல். வயர் கொடுத்தது யார்? அவள்தான். நேற்று மத்தியானம் அவன் தந்த துண்டுச் சீட்டில் மேல சிவப்பு, கீழ வெள்ளை என்று இருந்தது, அவள் தகட்டுக்கு மேல என்று எடுத்துக்கொண்டாள், அவன் மூக்குக்கு மேல என்று எழுதினான். பாதித் தப்பு அவளுடையது. இது இன்னும் ஆத்திரமாக வந்தது. முழுத் தப்பும் அவனுடையதாக இருந்திருக்கக் கூடாதா? ரிவெட் அடித்தது யாருன்னு கேட்டால் அவள் பேர் வராது. ட்ரிம் யோசனை யாருதுன்னு கேட்டால் வராது. தோப்புக்குள் போய் அள்ளிக்கொண்டு வந்த பிறகு வயர் குடுத்தது யாருன்னு கேட்பார்கள் பார், அப்போது வரும். முழுப் பேரும் வரும், இனிஷியலோடு வரும்.

சொல்லணும். வாயைத் திறந்து ண்ணா என்றால் போதும். "தங்கச்சிங்களா? இருக்கறா சார், நட்டு கிட்டுப் புடிக்கறதுக்கு," என்று அவன் சிரித்தது கேட்டது. வாய் திறக்கவில்லை. கேட்கட்டும். தகடு மேலே போனால் மூக்கு எங்கே போகும் சுபி என்று அவன் வாயால் கேட்கட்டும், காலேஜில் நாலு வருஷம் படித்தவன் தானே. கேட்டதுக்கு மட்டும். சர்ர், சர்ர். பலகைச் சத்தம் பாதி ஓடுபாதைக்கு வந்துவிட்டது. கேட்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன் என்று மனசுக்குள் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் விளையாடவில்லை. கேட்காவிட்டால்? ஏறிவிட்டால்? ஏறும்போது சொல்லிக்கலாம். இஞ்சின் போட்ட பிறகு கத்தினால் கேட்காதே. அப்போது கையை ஆட்டுவாள், டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து அவனும் ஆட்டுவான், முட்டாள், நிச்சயம் ஆட்டுவான், சிரித்துக்கொண்டே ஆட்டுவான். டம்ளரை இடது கைக்கு மாற்றினவன். நாற்பதில் பதினொன்று கோணலாக அடித்தவன். பஸ் ஏறாமல் வந்த அன்றைக்குத் திட்டாமல் சுத்தியலைக் கையில் கொடுத்த ஒரே ஆள். அதையும் இந்த நேரத்தில்தான் ஞாபகம் வரணுமா, கோபமாகவே இருக்க விடாதா. சர்ர். சர்ர். பலகைச் சத்தம் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து, கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து, நின்றது. "ஆச்சுங் தம்பி," என்றார் மாராத்தாக்கா. "சரிங் சார், வெச்சர்றேன்," என்றான் அண்ணன். செருப்புச் சத்தம் வந்தது. "அம்மிணி, இந்தா கம்பி, சீக்கிரம் சுத்து. எல்லாம் சரியா இருக்குதில்ல?"

கேட்டுவிட்டான். எல்லாம் சரியா என்றுதான் கேட்டான், ஆனால் கேட்டுவிட்டான்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"மேலன்னா எது மேல?"

"என்ன எது மேல? நீதான போகுதுன்ன?"

"தகடு போகுதுன்னேன். தகடு மேல போனா மூக்கு எங்க போகும்? நீதான படிச்ச, சொல்லு." நீ என்று வந்துவிட்டது. பதிமூன்று வயசு மூத்தவனை இதுவரைக்கும் நீ என்றதில்லை. வந்தது வரட்டும். வெளியே கம்பிச் சுருள் தரையில் விழுந்தது. ஓட்டையில் வெளிச்சம் மறைந்து ஒரு கண் வந்தது, அண்ணன் கண், இமையில் அலுமினியத் தூசி. தகட்டைப் பார்த்தது. ஒரு விரல் தகட்டை அமுக்கியது, கண் பலகையைப் பார்த்தது. விரல் மறுபடி அமுக்கியது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்பத் தெரியல."

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ போன் பேசும்போது. தெரிஞ்சப்பறமும் கொஞ்ச நேரம் சொல்லல."

"எவ்வளவு நேரம்?"

"சோளம் அள்ளி முடிக்கிற வரைக்கும்."

கண் ஓட்டையை விட்டுப் போகவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் திருப்பித் திட்ட எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது, நாலாயிரம் ரிவெட்டும் இருந்தது. அவன் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்தான். "மாத்திக் குடு," என்றான். சிவப்பையும் வெள்ளையையும் கழற்றி மாற்றிக் கொடுத்தாள். அவன் ஓட்டை வழியாக நீட்டிய கம்பியை நட்டுக்குச் சுற்றினாள். பின்னாலேயே நகர்ந்து, முட்டி தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் வால் பக்கத்தில் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான், எழுந்திரிக்கவில்லை. அவள் அவனைத் தாண்டிப் போய் ஏறினாள், இடது பக்கம், ஓட்டுகிறவன் இருக்கை. ரெண்டு வருஷத்தில் அவள் துடைத்திருக்கிறாள், திருகியிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. மேல என்று ஒட்டியிருந்த பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். கொசு முனகியது. "மேல போகுதா?" என்று கத்தினாள். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். "கேக்கறேனில்ல, மேல போகுதா?"

"எது மேல?" என்றது வாலிலிருந்து குரல்.

"மூக்கு."

"தகடு கீழ போகுது. அப்ப மூக்கு மேல."

நகத்தைக் கொடுத்து ஸ்டிக்கரைப் பிடுங்கினாள். பாதிதான் வந்தது. காதில் செருகியிருந்த மார்க்கரை எடுத்து மிச்சத்தின் மேலேயே மூக்கு என்று எழுதினாள், பெரிசாக, கோணலாக, அந்த சார் வந்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. கோபம் ஒன்றும் இறங்கவில்லை, அப்படியே நெஞ்சுக்குழியில் சூடாக உட்கார்ந்திருந்தது. வாசலில் மாராத்தாக்கா கூடையோடு எட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, ஓட்டறீங்ளா இல்லீங்ளா? வெயில் வீணாப் போகுது, சோளத்தை மறுக்காக் கொட்டட்டுமா?"

"அவளைக் கேளுங்க்கா," என்றான் அண்ணன் மண்ணிலிருந்து.

சுபிக்‌ஷா பதில் சொல்லும் முன்னால் ஸ்விட்சை இன்னும் ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.